சட்டையைப் பார்த்து வம்சம் சொல்ல முடியாது: கலப்பினப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டு இனப் பாம்புகளை இணை சேர்த்து, குட்டி எடுத்து, அடுத்தவர் கையில் கொடுக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். சண்டை போட இதை எழுதவில்லை. கலப்பே கூடாது என்று சொல்பவர்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள், கேட்டுக் கேட்டு உங்களுக்கும் காது புளித்திருக்கும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்களிடமிருந்து வெளியே போகிற ஒவ்வொரு குட்டியோடும் அதன் தாய் எந்த இனம், தந்தை எந்த இனம் என்று எழுதிக் கொடுங்கள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதிக் கொடுங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நீள மடலா என்று தோன்றலாம். எனக்கு இது சின்ன விஷயமாக இல்லாமல் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் சோளப்பாம்பு வாங்கினேன், நாம் எல்லாரும் கார்ன் ஸ்நேக் என்று சொல்வோமே, அதுதான். அமெல் வகை. கருப்பு நிறமியே கிடையாது, ஆரஞ்சும் வெள்ளையுமான உடம்பு, சிவந்த கண். 'சுத்தமான கார்ன்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதை என்னிடம் இருந்த அனெரி ஆணோடு சேர்த்தேன், அது சிவப்பும் மஞ்சளும் இல்லாத சாம்பல் நிறப் பாம்பு. 14 முட்டை, 13 பொரிந்தன. கணக்குப்படி குட்டிகள் எல்லாம் வெளியே சாதாரண சோளப்பாம்பு போலத்தான் இருக்க வேண்டும், உள்ளே அமெல் மரபணுவும் அனெரி மரபணுவும் ஒவ்வொரு பிரதி மறைந்திருக்க வேண்டும், இரண்டு பிரதி சேர்ந்தால்தான் அந்த நிறம் வெளியே தெரியும். அப்படித்தான் இருந்தன. 11 குட்டிகளைக் கொடுத்துவிட்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் வைத்துக்கொண்டேன். சோளப்பாம்புக் குட்டி பிறக்கும்போது மங்கலாகத்தான் இருக்கும், ஆரஞ்சு ஏற மாதக்கணக்கில் ஆகும், அதனால் முதல் வருடம் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. இரண்டாம் வருடமும் ஆரஞ்சு ஏறவில்லை. இரண்டும் காய்ந்த இலையின் பழுப்பில், சரியான வளர்த்தியோடு, தீனி வைத்த நொடியில் பாய்ந்து பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தன. பாம்புக்குப் பாம்பு நிறம் கொஞ்சம் மாறத்தானே செய்யும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் வருடம், பல காலமாக இந்தப் பாம்புகளோடு பழகிய பெரியவர் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் கேட்டார்: "இதுல எமோரி கலந்திருக்கா?"

கலந்திருந்தது. எமோரி ரேட் ஸ்நேக் என்பது சோளப்பாம்புக்கு நெருங்கிய உறவு, ஆனால் வேறு இனம். ஆரஞ்சு கிடையாது, சாம்பல் கலந்த பழுப்பு உடம்பில் அடர்ந்த பழுப்புத் திட்டுகள். இரண்டையும் சேர்த்தால் பிறப்பதைத்தான் 'ரூட்பீர்' என்கிறோம், அந்தக் கலப்பில் அமெல் வெளிப்பட்டால் 'கிரீம்சிக்கிள்' என்கிறோம். என் 'சுத்தமான கார்ன்' ஒரு கிரீம்சிக்கிள், அல்லது கிரீம்சிக்கிளின் மகள், அல்லது பேத்தி. எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கொடுத்தவரைக் கேட்டேன். தனக்கும் அமெல் என்று சொல்லித்தான் வந்தது என்றார், பார்க்க கார்ன் மாதிரிதானே இருக்கிறது என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ எழுதிக் கொடுக்கவில்லை.

தாய் மறைத்து வைத்திருந்ததைப் பிள்ளைகள் காட்டிக்கொடுத்தது எப்படி? நிறத்தின் மரபியல் புரிந்தால் இது மாயம் இல்லை. பாம்பின் தோலில் நிறம் தரும் செல்கள் முக்கியமாக மூன்று வகை. கருப்பும் பழுப்பும் தரும் மெலனின் செல்கள், மஞ்சளும் சிவப்பும் தரும் செல்கள், குவானின் படிகங்களால் ஒளியைத் திருப்பி அனுப்பும் பளபளப்புச் செல்கள். அமெல் சோளப்பாம்பில் மெலனின் உருவாவது நின்றுவிடுகிறது. காரணம் ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று புகுந்து உட்கார்ந்திருப்பது. 2015இல் வந்த ஆய்வுக் கட்டுரையில் இதைக் காட்டினார்கள். மனிதரில் பிறவியிலேயே நிறமி குன்றும் அல்பினிசத்தின் ஒரு வகைக்கும் இதே மரபணுவில் வரும் பழுதுதான் காரணம். சரி, மெலனின் போய்விட்டால் வேறு என்னவெல்லாம் போகிறது என்று யோசியுங்கள். திட்டுகளைச் சுற்றிய கருப்புக் கோடு போகிறது. வயிற்றில் சதுரங்கப் பலகை போல் இருக்கும் கருப்புக் கட்டங்கள் போகின்றன. எமோரியின் சாம்பலும் பழுப்பும் மெலனின்தான், அதுவும் போகிறது. ஒரு பாம்பைப் பார்த்து இன்ன இனம் என்று சொல்ல நம் கண் எதையெல்லாம் தேடுமோ, அதில் பாதிக்கு மேல் அந்த ஒற்றைப் பழுதால் துடைத்துப் போகிறது. மிஞ்சிய ஆரஞ்சு கொஞ்சம் வெளிறி இருந்தால், சுத்தமான அமெலிலும் வெளிறியவை உண்டே என்று விட்டுவிடுவோம். ஆனால் பிள்ளைகளுக்குத் தந்தை வழியில் நல்ல ஓசிஏ2 பிரதி ஒன்று கிடைத்தது, மெலனின் திரும்பி வந்தது, கூடவே பாட்டன் பாட்டியின் பழுப்பும் வந்துவிட்டது.

ஆக, கலப்பு எந்தப் பாம்பில் மிகச் சுலபமாக மறையுமோ, அதே பாம்பைத்தான் நாம் எல்லாரும் அதிகம் ஆசைப்பட்டு வாங்குகிறோம். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஊதா. நிறமி குறையக் குறைய அடையாளமும் குறைகிறது. அதனால்தான் 'பார்த்தாலே தெரியும், எழுத என்ன இருக்கிறது' என்கிற பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை.

இன்னொரு பேச்சும் அடிக்கடி வரும்: 'நாலு தலைமுறை சுத்தமான பாம்போடு சேர்த்தாச்சு, இனி அது கலப்பு இல்லை.' கணக்கைப் பார்ப்போம். முதல் தலைமுறைக் கலப்பில் அந்நிய இனத்தின் பங்கு 50 சதவீதம். சுத்தமான பாம்போடு மறுபடி சேர்த்தால் சராசரியாக 25, அடுத்து 12.5, அடுத்து 6.25, அதற்கடுத்து 3 சொச்சம். 'சராசரியாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பாம்பு பாதிப் பாதியாகத் தூள் செய்து கலக்கப்படுவதில்லை, குரோமோசோம் துண்டு துண்டாகத்தான் கை மாறுகிறது, ஒரே ஈட்டில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்றில் 8 சதவீதமும் இன்னொன்றில் 18 சதவீதமும் இருக்கலாம். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்நிய இனத்திலிருந்து வந்த ஒரு நிறத்துக்காகவே நாம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகிறோம் என்றால், அந்த மரபணுவும் குரோமோசோமில் அதை ஒட்டிய அக்கம்பக்கமும் ஒருபோதும் பாதியாவதில்லை. மற்றதெல்லாம் கரைந்தாலும் அந்தத் துண்டு மட்டும் அப்படியே நிற்கும், நாம்தானே அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறோம்.

'அல்ட்ரா' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோளப்பாம்புகளில் கருப்பைக் குறைக்கும் ஒரு வகை, ஆரம்பத்தில் ஹைப்போ, அதாவது கருப்பு குறைந்த மற்ற வகைகளில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. அப்புறம் பார்த்தால், அமெலோடு சேர்த்தபோது பிறந்தவை சாதாரணமாகவும் இல்லை, அமெலாகவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருந்தன. அதாவது அல்ட்ராவும் அமெலும் ஒரே மரபணுவின் இரண்டு மாற்று வடிவங்கள். ஒரு பிரதி அது, ஒரு பிரதி இது என்று வந்தால் 'அல்ட்ராமெல்'. இந்த அல்ட்ரா சாம்பல் ரேட் ஸ்நேக்கோடு நடந்த ஒரு பழைய கலப்பிலிருந்து வந்தது என்பதுதான் வளர்ப்பவர்களில் பெரும்பாலோரின் முடிவு. அந்தக் கலப்பைச் செய்தவர் தப்பு செய்தார் என்று நான் சொல்லவில்லை, அழகான பாம்பு அது. ஆனால் குட்டிகளோடு ஒரு வரி போயிருந்தால், இத்தனை வருட வாக்குவாதம் நடந்திருக்காது, தங்கள் வம்ச வரிசையில் அது வேண்டாம் என்றவர்கள் விலகியிருப்பார்கள், வேண்டும் என்றவர்கள் தெரிந்தே எடுத்திருப்பார்கள். டெசெரா வகை வந்தபோதும் இதே சண்டைதான், அதில் கிங் ஸ்நேக் ரத்தம் உண்டா இல்லையா என்று. செதிலே இல்லாத சோளப்பாம்புக்கும் எமோரிக் கலப்பு மூலம் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு முறையும் விடை தெரிந்த ஒரே ஆள் முதல் ஜோடியைச் சேர்த்தவர்தான்.

இனி அல்பினோ, அதாவது மெலனின் இல்லாத பாம்பு, என்ற சொல்லுக்கு வருகிறேன், கலப்பு செய்பவர்கள் ஏமாறுகிற முக்கியமான இடம் இது. பந்து மலைப்பாம்பில், அதாவது பால் பைத்தானில், அல்பினோவும் லாவெண்டர் அல்பினோவும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் சாதாரண நிறத்தில் பிறக்கும். முதல் முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும், வேறு ஆண் எப்போது புகுந்தது என்று சந்தேகம்கூட வரும். விஷயம் எளிது. ஒன்றில் டைரோசினேஸ் மரபணு பழுது, மற்றதில் ஓசிஏ2 பழுது. குட்டிக்கு இரண்டிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடுகிறது, மெலனின் தொழிற்சாலை ஓடத் தொடங்கிவிடுகிறது. பந்து மலைப்பாம்பில் மூன்றாவதாக அல்ட்ராமெல் என்றொரு வகை, அது டிஒய்ஆர்பி1 என்ற வேறு மரபணு. சோளப்பாம்பின் அல்ட்ராமெலுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. 2022இல் வெளிவந்த ஆய்வில் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டினார்கள், அதற்கு வேண்டிய டிஎன்ஏவில் பெரும்பகுதி நம்மைப் போன்ற வளர்ப்பவர்கள் அனுப்பிய உரித்த சட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அதே ஆய்வில் கேண்டி, டாஃபி என்று இரண்டு பெயரில் வளர்க்கப்பட்டவையும் டைரோசினேஸ் கணக்கில்தான் வந்து சேர்ந்தன. நாம் வைத்த பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் மரபணு இன்னொன்று.

ஓர் இனத்துக்குள்ளேயே இவ்வளவு குழப்பம். அப்படி இருக்க, ஓர் இனத்தின் அல்பினோவையும் இன்னோர் இனத்தின் அல்பினோவையும் சேர்த்து 'அல்பினோ கலப்பு' எடுக்கப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள், இரண்டிலும் பழுதான மரபணு ஒன்றுதானா என்று முதலில் கேட்க வேண்டும். ஒன்றே என்றால் குட்டிகள் அல்பினோவாக வரும். வேறு வேறு என்றால் எல்லாம் சாதாரண நிறம், ஒவ்வொன்றும் இரண்டு பழுதுகளை ஒளித்துக்கொண்டு. அந்தச் சாதாரண நிறக் குட்டிகளை ஏமாற்றத்தில் சும்மா தள்ளிவிடுகிறார்களே, அங்கேதான் காகிதம் காணாமல் போகிறது. பல தலைமுறைக்குப் பிறகு வேறு யாரோ ஒருவர் பெட்டியில் எதிர்பாராமல் ஒரு வெள்ளைக் குட்டி வரும், 'புது மார்ஃப்', அதாவது புது நிற வகை, என்று கொண்டாடுவார்.

ஒளிந்திருக்கும் மரபணுவைப் பற்றிப் பேசும்போது இன்னும் கொஞ்சம் கறாராக இருப்போம். ஒரு பிரதியை மட்டும் உள்ளே மறைத்து வைத்திருக்கும் பாம்பைத்தான் 'ஹெட்' என்கிறோம். இரண்டு ஹெட் பாம்புகளைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று அந்த மறைந்த நிறத்தை வெளியே காட்டும், மற்ற மூன்றில் இரண்டு மறைத்து வைத்திருக்கும், எந்த இரண்டு என்று தெரியாது. '66 சதவீத ஹெட்' என்று நாம் சொல்வது இதைத்தான். அது அந்தக் குட்டிக்குள் இருக்கும் அளவு இல்லை, நம் அறியாமையின் அளவு. சோதிக்க வழி உண்டு. நிறத்தை வெளிக்காட்டும் பாம்போடு சேர்த்துப் பார்க்கலாம், ஹெட் என்றால் ஒவ்வொரு குட்டியும் அந்த நிறத்தில் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆறு குட்டியும் சாதாரணமாகவே வந்தால், ஹெட்டாக இருந்தும் அப்படி வர வாய்ப்பு 64இல் 1. இதே கறாரை இனக் கலப்புக்கும் காட்டலாமே என்பதுதான் என் கேள்வி. '66 சதவீத ஹெட் அனெரி' என்று அட்டையில் எழுத மறக்காத நாம், 'கால் பங்கு எமோரி' என்று எழுத மட்டும் ஏன் மறக்கிறோம்? இத்தனைக்கும் இனம் என்பது ஒற்றை மரபணு இல்லை. தலையின் வடிவம், முட்டையின் அளவு, குளிர் தாங்கும் திறன், தீனி மேல் ஆர்வம், எல்லாம் பல மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலை, அவற்றை எந்தச் சோதனை இணைசேர்ப்பும் பிரித்துக் காட்டாது.

முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி, இரண்டு இனத்துக்கும் நடுவில் இருக்கும், அதைப் பார்த்து 'இந்தக் கலப்பு இப்படித்தான் இருக்கும்' என்று முடிவு கட்டுகிறோம். இரண்டாம் தலைமுறையில்தான் எல்லாம் அவிழும். ஒன்று தாத்தா மாதிரி, ஒன்று பாட்டி மாதிரி, ஒன்று யார் மாதிரியும் இல்லாமல். கலிஃபோர்னியா கிங் ஸ்நேக்கும் சோளப்பாம்பும் சேர்ந்த 'ஜங்கிள் கார்ன்' வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பேரினமே வேறாக இருந்தும் அந்தக் கலப்பின் குட்டிகள் மலடு ஆவதில்லை. பெரும்பாலான பாம்புகளில் குரோமோசோம் எண்ணிக்கை 36 என்று ஒத்துப்போவது இதற்கு உதவியாக இருக்கலாம். நிறம் அவிழ்வது போலவே குணமும் அவிழும் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். கிங் ஸ்நேக் மற்ற பாம்புகளைத் தின்னும் பாம்பு. இணை சேர்க்கப் போட்ட சோளப்பாம்பை அது விழுங்கும் ஆபத்து எப்போதும் உண்டு, அதன் வழியில் வந்த குட்டிகளை வெறும் சோளப்பாம்பு என்று நம்பி ஒரே பெட்டியில் இரண்டாக விடுகிறவர், காலையில் ஒன்றை மட்டும் பார்க்க நேரலாம். 'ஜங்கிள்' என்ற ஒரு சொல் அட்டையில் இருந்தால் அவர் தனித்தனியாக வைத்திருப்பார்.

ஆண் பெண் கணக்கையும் தொட்டுவிட்டுப் போகிறேன். பாம்புகளில் எல்லாம் பெண்தான் இரண்டு வேறு பால் குரோமோசோம்களைக் கொண்டது என்று நெடுங்காலம் சொல்லிக் கொடுத்தார்கள். சோளப்பாம்புக் குடும்பத்துக்கு அது சரி. 2017இல் ஒரு போவாவிலும் ஒரு மலைப்பாம்பிலும் அது தலைகீழ், நம்மைப் போல எக்ஸ்-ஒய் அமைப்பு என்று காட்டினார்கள். பனானா வகைப் பந்து மலைப்பாம்பு வளர்த்தவர்கள் அதற்கு முன்பே ஏதோ வித்தியாசம் இருப்பதைக் கண்டுவிட்டார்கள்: தாயிடமிருந்து பனானாவைப் பெற்ற ஆணுக்குப் பனானா குட்டிகள் பெரும்பாலும் பெண்ணாக வரும், தந்தையிடமிருந்து பெற்ற ஆணுக்குப் பெரும்பாலும் ஆணாக வரும். அந்த நிற மரபணு பால் குரோமோசோமிலேயே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். யார் யாருடைய பிள்ளை என்று ஒழுங்காக எழுதி வைத்ததால் கண்ணில் பட்ட உண்மை இது. இனக் கலப்பிலும் இது பயன்படும். இரண்டு இனங்கள் கலக்கும்போது மலடாகவோ பலவீனமாகவோ ஆகிறது ஒரு பால் மட்டும் என்றால், அது பெரும்பாலும் இரண்டு வேறு பால் குரோமோசோம் உள்ள பாலாக இருக்கும் என்பது உயிரியலில் பழைய விதி. அப்படிப் பார்த்தால் சோளப்பாம்புக் கலப்பில் பெண்களையும், மலைப்பாம்புக் கலப்பில் ஆண்களையும் கவனித்துக் குறித்து வைக்க வேண்டும். உங்களில் எத்தனை பேரிடம் அந்தக் குறிப்பு இருக்கிறது? இருந்தால் தயவு செய்து வெளியே சொல்லுங்கள், வேறு யாரிடமும் அது கிடைக்காது.

இப்போது மனதுக்குக் கஷ்டமான பகுதி. ஸ்பைடர் வகைப் பந்து மலைப்பாம்பின் தலையாட்டம் எல்லாருக்கும் தெரியும். தலை நடுங்கும், சுற்றும், சில நேரம் தீனியைக் குறி வைத்துப் பிடிக்க முடியாமல் தவிக்கும். அந்தப் பாம்புகளின் உள்காது உருவாகும்போதே கோணலாகிறது என்று 2022இல் எக்ஸ்ரே ஸ்கேன் வழியாகக் காட்டினார்கள். அந்த நிறத்தையும் அந்தக் காதையும் இதுவரை யாராலும் பிரிக்க முடியவில்லை. கார்பெட் மலைப்பாம்பில் ஜாகுவார் வகையும் அப்படித்தான், ஒரு பிரதி வந்தால் அழகும் நடுக்கமும், இரண்டு பிரதி வந்தால் வெள்ளையாகப் பிறந்து பிழைக்காமல் போகும் குட்டி. இந்த வகைகளை ஏன் இன்னோர் இனத்துக்குள் கொண்டுபோக வேண்டும்? ஜாகுவாரைப் பந்து மலைப்பாம்போடு சேர்த்தால் பாதிக் குட்டிகளுக்கு அந்த மரபணு போகும். அதிலும் கலப்புக் குட்டியின் நிறமும் கோலமும் ஏற்கெனவே விசித்திரமாக இருப்பதால், அதற்குள் ஜாகுவார் இருக்கிறதா என்று கண்ணால் பிரிப்பது கஷ்டம். நடுங்குகிற குட்டியை வாங்கியவர், தான்தான் ஏதோ வெப்பத்தைத் தவறாக வைத்துவிட்டோம் என்று குற்ற உணர்வில் கிடப்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எழுதினால் போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நரம்புக் கோளாறு தெரிந்த வகைகளை இனக் கலப்பில் இறக்காதீர்கள்.

அளவும் அப்படியே. பர்மிய மலைப்பாம்பும் வலைமலைப்பாம்பும் சேர்ந்த 'பேட்டீட்டர்' இரண்டு பூதங்களின் பிள்ளை. அதைப் பந்து மலைப்பாம்பு அளவுக்கு நினைத்து வாங்கும் புது ஆளிடம் ஒரு வரி விளக்கம் இல்லாமல் கொடுப்பது அவருக்கும் கெடுதல், பாம்புக்கு அதைவிடக் கெடுதல். வளர்த்து முடியாமல் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே பெருகிக் கிடக்கும் மலைப்பாம்புகள் பார்க்க எல்லாம் பர்மிய மலைப்பாம்புதான். 2018இல் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தார் ஏறத்தாழ 400 பாம்புகளின் மரபணுவைப் பார்த்தபோது 13இல் இந்திய மலைப்பாம்பின் தடயம் இருந்தது. கலப்பு அவை அங்கே வேரூன்றுவதற்கு முன்பே நடந்திருக்கலாம் என்று கருதினார்கள். எங்கே, யார் பெட்டியில், எந்த ஜோடியில் என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

கலப்பே பாவம் என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். காட்டிலும் இது நடக்கிறது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் புல் ஸ்நேக்கும் ஃபாக்ஸ் ஸ்நேக்கும் தாமாகவே சேர்ந்து உண்டான கலப்பு பிடிபட்டு 2012இல் பதிவானது, இரண்டும் வேறு வேறு பேரினம். 'சுத்தம்' என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை, மேலே அதைப் பயன்படுத்தியதுகூட வேறு நல்ல சொல் கிடைக்காமல்தான். கலப்பினக் குட்டி ஒரு குறையும் இல்லாத உயிர். என்னிடம் இருக்கும் அந்த இரண்டு பழுப்புப் பாம்புகளும் நான் வளர்த்ததிலேயே உடல் நலம் குன்றாத பாம்புகள், அவற்றை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. நீங்கள் கலப்பை மறைக்க ஒரு காரணம் அதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் என்றும் எனக்குத் தெரியும். ரூட்பீர் என்று நேர்மையாகச் சொன்னவரை நாலு பேர் கூடி வைதால், அடுத்தவர் கார்ன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். வைதவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டால், நான் இப்போது எழுதுவதைச் சொல்கிறேன். தாயின் இனம், தந்தையின் இனம், தெரிந்த வரை தாத்தா பாட்டி. வெளியே தெரியும் நிறம். ஹெட் என்றால் உறுதியா, 66ஆ, 50ஆ. பொரிந்த தேதி, ஈட்டில் எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தன, கோணல் முதுகோ நடுக்கமோ இருந்ததா. இரண்டாம் தலைமுறை என்றால் அது பெற்றோரோடு சேர்த்ததா, உடன்பிறந்தவையா. ஒவ்வொரு பாம்பும் உரித்த சட்டையில் ஒன்றைக் காய வைத்து, உறையில் போட்டு, பெயரெழுதி வைத்துக்கொள்கிறேன். இன்று பாதி விஷயத்துக்குச் சோதனை இல்லை, நாளை வரும்போது சட்டை இருக்க வேண்டும். குட்டியைக் கொடுக்கும்போது இதில் ஒரு நகல் போகும், வாங்குபவர் அடுத்தவருக்குக் கொடுத்தால் அதையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறேன். பத்து நிமிட வேலை.

அந்த 11 குட்டிகளை வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினேன். ஏழு பேர் கிடைத்தார்கள். இருவர் ஏற்கெனவே தங்கள் வரிசைகளோடு இணை சேர்த்துக் குட்டியும் கொடுத்துவிட்டார்கள், அதில் ஒருவர் பதினைந்து வருடமாகப் பார்த்துப் பார்த்துக் காத்த வரிசை அது, அவர் என்னைத் திட்டவில்லை, நன்றி என்று மட்டும் எழுதினார், அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மீதி நாலு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அமெல் பெண்ணுக்கும் அனெரி ஆணுக்கும் பிறந்த, இரண்டு மரபணுவும் ஹெட் என்று எழுதிய, ஆரஞ்சு ஏறாமல் பழுப்பாகவே நின்றுவிட்ட சோளப்பாம்பு உங்களிடம் இருந்தால், நான் கொடுத்த அட்டையை எடுத்து 'தாய்: சோளப்பாம்பு' என்ற வரியை அடித்துவிடுங்கள். 'தாய்: சோளப்பாம்பு, எமோரி கலப்பு, எவ்வளவு என்று தெரியாது' என்று எழுதிக்கொள்ளுங்கள்.